அந்த ராத்திரி நான் ‘இல்லை’ என்று சொன்ன ஊசி: வியன்னா போகும் இந்தியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் நின்று நிமிர்ந்தால் கேரளத்து மலை. காலை ஐந்தரைக்கெல்லாம் ஏலத்தோட்ட ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுப் பக்கமும் குமுளிப் பக்கமும் ஏறத் தொடங்கிவிடும். சாயங்காலம் இறங்கும்போது அவர்களில் பாதிப் பேர் முட்டிவலித் தைலமோ பி.பி. மாத்திரையோ வாங்க என் கடையில் நிற்பார்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

நீங்கள் ஒவ்வொரு மார்ச் மாதமும் வியன்னாவுக்குப் போகிறீர்கள். ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம் அங்கே கூடுகிறது. 53 உறுப்பு நாடுகள், காதில் மொழிபெயர்ப்புக் கருவி, ஒவ்வொரு சொல்லுக்கும் நாள்கணக்கில் இழுபறி. அங்கே முடிவாவது எங்களூர் பஸ் ஸ்டாண்டுப் பின்புறம் வரை வந்து சேருகிறது என்று உங்களிடம் சொல்ல வேண்டும் என ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, ஒன்பதரை மணி இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஒரு பையன் குனிந்து உள்ளே பார்த்தான். “அண்ணே, ஒரு இன்சுலின் சிரிஞ்ச் குடுங்கண்ணே.” தெரிந்த பையன்தான். அவன் அம்மா வண்டன்மேட்டுப் பக்கம் காய் எடுக்கப் போகிறவர், இவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருமல் மருந்துக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார். அந்த வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது என்று எனக்குத் தெரியும். நூறு ரூபாய் நோட்டை நீட்டிய கையில், முழங்கை மடிப்பில், நரம்போடு வரிசையாகக் கறுத்த புள்ளிகள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் சிரிஞ்ச் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கடைமேல் நடவடிக்கை வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்மொழிதான், ஆனால் எங்களுக்கு அது போதும். “ஸ்டாக் இல்லப்பா” என்றேன். அவன் கண் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்த பெட்டி மேலேயே நின்றது. பெட்டி நிறைய சிரிஞ்ச். அவன் கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை, நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

எட்டு மாதம் கழித்து அவன் அம்மா ஒரு சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். கடையில் ஆள் போகும்வரை ஓரமாக நின்றார். “தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.” அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துச் சீட்டு. எச்ஐவி இருக்கிறது என்று போட்டிருந்தது. தனியாக இன்னொரு தாளில் ஹெபடைடிஸ் சி. நாலு பையன்கள் ஒரே சிரிஞ்சை வைத்துக்கொண்டு, முனை மழுங்கினால் தீப்பெட்டி ஓரத்தில் தீட்டி, வாரக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். நான் ஊசி கொடுக்கவில்லை என்பதால் அவன் போதையை விடவில்லை, அடுத்தவன் ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான் நடந்தது. இது எங்கள் மலைப்பக்கத்துக் கதை மட்டுமா என்றால் இல்லை. 2025 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில் ஊசியைப் பகிர்ந்துகொண்ட ஒன்பது பத்துப் பேருக்கு எச்ஐவி என்று கேரளமே பதறியது, நீங்களும் படித்திருப்பீர்கள்.

இவர்கள் போடுவது என்ன தெரியுமா? ஹெராயின் எல்லாம் இல்லை. டேபென்டடால் என்கிற வலி மாத்திரை. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி ஏற்றுகிறார்கள். மாத்திரை உருக்குலையாமல் இருக்கச் சேர்க்கிற மாவும் பொடியும் நரம்புக்குள் போய் அடைத்துக்கொள்கின்றன, கை வீங்கிச் சீழ் பிடிக்கிறது. இதற்கு முன்னால் டிராமடால் இருந்தது. 2018-ல் டிராமடாலை போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நானும் நல்லது என்றுதான் நினைத்தேன். சரி, அது போனது, இது வந்தது. நாளைக்கு இதையும் இறுக்கினால் இன்னொன்று வரும், அது இதைவிட மோசமாக இருக்கும், மருந்துக்கடைக்காரன் என்கிற முறையில் நான் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எய்ம்ஸ் நடத்தி சமூக நீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் ஊசி வழியாகப் போதை ஏற்றுகிறவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்கிறது. அத்தனை பேரையும் என்ன செய்யப் போகிறோம்? நம் அரசுக்கே இதில் ஒரே பதில் கிடையாது. சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருக்கிற தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, ஊசி போடுகிறவர்களுக்குப் புது ஊசி கொடுக்கிறது, பழையதைத் திரும்ப வாங்குகிறது, நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரையை மாற்றுச் சிகிச்சையாகத் தருகிறது. அதே அரசின் நிதி அமைச்சகம் கையில் வைத்திருக்கிற 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம், பிரிவு 27-ல், போதை எடுத்தவனுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ சிறை என்கிறது. பிடிக்கிற பொறுப்பு உள்துறைக்கு, மறுவாழ்வு மையத்துக்குப் பணம் சமூக நீதித் துறையிலிருந்து. ஒரே பையனை நாலு அமைச்சகம் நாலு பக்கம் இழுக்கின்றன. 2021-ல் சமூக நீதி அமைச்சகமே, சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று பரிந்துரை செய்ததாக நாளிதழ்களில் வந்தது. சந்தோஷப்பட்டு அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்தேன், அது மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில், சர்வதேச போதைப்பொருள் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், நம் கை கட்டிக் கிடக்கிறது என்பது. அப்படியா என்று நானும் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். 1961 ஒப்பந்தம் முகவுரையிலேயே மனிதகுலத்தின் ஆரோக்கியமும் நலனும்தான் தன் அக்கறை என்கிறது. 1972-ல் திருத்தியபோது, போதைக்கு ஆளானவர்களுக்குத் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்கலாம் என்று 36-ஆம் உறுப்பிலேயே எழுதிவிட்டார்கள். 1988 ஒப்பந்தம்தான் ரொம்பக் கறாரானது, அதிலும்கூட போதைப்பொருளுக்கான தேவையைக் குறைக்கும் நடவடிக்கைகள் மனிதத் துன்பத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு இருக்க வேண்டும் என்று 14-ஆம் உறுப்பில் இருக்கிறது. போர்ச்சுகல் இதே ஒப்பந்தங்களுக்குள் இருந்துகொண்டுதான் 2001-ல் சொந்த உபயோகத்தைக் குற்றவியலில் இருந்து எடுத்தது. சுவிட்சர்லாந்து 1994 முதல் டாக்டர் மேற்பார்வையில் ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கிறது. அவர்களை யாரும் ஒப்பந்தத்தை விட்டு வெளியே தள்ளவில்லை. நம் கையை ஒப்பந்தம் கட்டவில்லை, நாமே கட்டிக்கொண்டோம்.

இன்னொரு ராத்திரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்ட மனசு வரவில்லை. அந்த நாலு பேரில் ஒருவன், 24 வயது, அவனை வீட்டார் கடன் வாங்கி ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருந்தார்கள். மூன்று மாதம். முதல் பத்து நாள் காலில் சங்கிலி. திரும்பி வந்தபோது கணுக்காலில் தோல் உரிந்து வளையம் போலக் காய்ந்திருந்தது, அதற்குக் களிம்பு வாங்கத்தான் என் கடைக்கு வந்தான். “அடிச்சாங்களாப்பா?” என்று கேட்டேன். “விடுங்கண்ணே” என்றான். இரண்டு வாரத்தில் பழைய கூட்டம், பழைய அளவு. மூன்று மாதம் எடுக்காத உடம்பு அந்த அளவைத் தாங்காது. சிறையிலிருந்தும் இப்படிப்பட்ட இடங்களிலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு ரொம்ப ஆபத்தான நாட்கள், இது மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அவனிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பின்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் கூட இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பின்னாலேயே போலீஸ் வரும், தாங்களும் உள்ளே போவோம் என்ற பயம். 108-க்கு ஒரு போன். அதைச் செய்யாமல் ஓட வைத்தது எது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் பூ விற்க வந்த அம்மாதான் அவனைப் பார்த்தார்.

நாலாக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. அபின் வகை மருந்து அதிகமாகி மூச்சு நிற்கப் போகிறவனுக்குப் போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். புது மருந்தும் இல்லை. கூட இருக்கிற நண்பர்கள், வீட்டார் கையிலேயே அது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது. நம்மிடம் அது பெரிய ஆஸ்பத்திரி மயக்கமருந்து அறையில் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் யாரிடமும் இல்லை.

சங்கிலி விஷயத்தை விட முடியவில்லை. 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது, யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று பச்சையாகவே எழுதியிருக்கிறது. கட்டாயப்படுத்தி அடைத்துவைக்கும் போதை மையங்களை மூடுங்கள் என்று ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012-ல் சேர்ந்து அறிக்கை விட்டன. வியன்னாவில் ‘சிகிச்சை’ என்ற சொல் வரும்போதெல்லாம் எல்லா நாடும் தலையாட்டும். நீங்கள் தலையாட்டும்போது அந்தக் கணுக்கால் உங்கள் ஞாபகத்துக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீ போதைக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று சிலர் கேட்பார்கள், என் வீட்டிலேயே கேட்டார்கள். மாத்திரையைக் கூரியரில் பெட்டி பெட்டியாக இறக்கி விற்கிறவனைப் பிடியுங்கள், நானே சாட்சி சொல்ல வருகிறேன். ஆனால் செக்போஸ்டில் நடப்பதைப் பாருங்கள். டி.என். 60 நம்பர், அதாவது எங்கள் தேனி மாவட்டத்து வண்டி, உள்ளே இருபது வயதுப் பையன் என்றால் மலைமேல் நிறுத்தி இறக்கிச் சட்டைப்பை வரை தடவுவார்கள், கம்பம் என்றாலே கஞ்சா என்று ஒரு பெயர் எப்போதோ ஒட்டிக்கொண்டது, தோட்ட வேலைக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் அது போகவில்லை. பிடிபடுகிறவன் பெரும்பாலும் எடுக்கிறவன். விற்கிறவன் அந்த வழியாக வருவதே இல்லை.

அதே 1961 ஒப்பந்தத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வலி போக்க இந்த மருந்துகள் தவிர்க்க முடியாதவை, அவை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதே முகவுரை சொல்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், வாயில் புற்றுநோய், கடைசி இரண்டு மாதம் மார்ஃபின் இல்லாமல் துடித்தார், அவர் மகன் மலையேறிப் போய்க் கேரளத்தில் ஒரு பாலியேட்டிவ் (வலி தணிப்பு) மையத்தில் கேட்டு வாங்கி வந்தான். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வேலை அந்த மாநிலத்தில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2008-லேயே கேரள அரசு அதற்கென்று கொள்கை வகுத்தது. 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின் உரிமத்தை எளிதாக்கியது. அரசே அபின் பயிரிட அனுமதி கொடுத்து, அரசு ஆலையிலேயே பக்குவம் செய்கிற நாட்டில், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதர் தலையணையைக் கடித்துக்கொண்டு செத்தார். பயம் மருந்துக்கடையையும் டாக்டரையும்தான் முதலில் பிடிக்கிறது.

அப்புறம் சிங்கப்பூர். நம் ஆட்கள் என்பதால் மட்டும் சொல்லவில்லை, ஆனால் நம் ஆட்கள் என்பதால் கூடுதலாக வலிக்கிறது. நாகேந்திரன் தர்மலிங்கம், மலேசியத் தமிழர், 42.72 கிராம் ஹெராயின், அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர்கள் மதிப்பிட்ட பையன். 2022 ஏப்ரல் 27-ல் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருடம் ஏப்ரல் 26-ல் தங்கராஜு சுப்பையா. அவர் மேல் இருந்த வழக்கு 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது. நம் சட்டத்தில் ஒரு கிலோ வரை கஞ்சா ‘சிறு அளவு’, அதிகபட்சம் ஒரு வருடச் சிறை. அதைவிட 18 கிராம் கூட, அங்கே கயிறு. போதைக் குற்றம் மரண தண்டனைக்குரிய ‘மிகக் கடுமையான குற்றம்’ ஆகாது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2018-ல் தெளிவாக எழுதியது. நம் சட்டத்திலும் மரண தண்டனைக்கு 31ஏ என்ற பிரிவு இருக்கிறது. கட்டாய மரண தண்டனையை 2011-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது, 2014-ல் நாடாளுமன்றம் அதை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது, இன்னும் எடுக்கவில்லை. நம் வீட்டுக் கொடியில் அந்தக் கயிறு தொங்கும்வரை அடுத்த நாட்டிடம் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்?

பேசினால் நடக்குமா என்று கேட்காதீர்கள், நடந்திருக்கிறது. 2020 டிசம்பரில் கஞ்சாவை 1961 ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலில் இருந்து நீக்கும் வாக்கெடுப்பு. ஆதரவு 27, எதிர்ப்பு 25, ஒரு நாடு ஒதுங்கிக்கொண்டது. இந்தியா ஆதரவு. நீங்கள் எதிர்ப்பில் கை தூக்கியிருந்தால் 26-க்கு 26, அந்த முடிவு வந்திருக்காது. நம் ஒரு கை அந்த மண்டபத்தில் அவ்வளவு கனம். 2024 மார்ச்சில் இன்னொன்று: ‘தீங்கு குறைப்பு’, அதாவது போதையை விட முடியாதவனையும் நோயிலிருந்தும் சாவிலிருந்தும் காப்பது, அந்தச் சொல் முதல் தடவையாக அந்த ஆணையத்தின் தீர்மானம் ஒன்றில் ஏறியது. எத்தனையோ வருடமாக அந்தச் சொல்லையே சேர்க்கவிடாமல் தடுத்து வைத்திருந்தார்கள். கடைசியில் வாக்கெடுப்பு நடத்தி, 38 ஆதரவு, 2 எதிர்ப்பு, 6 ஒதுங்கல். சொல் ஏறிவிட்டது. அந்தச் சொல்லை நம் ஊரில் ஊசியாகவும் மாத்திரையாகவும் மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த தடவை அங்கே தீங்கு குறைப்பு என்ற சொல் வரும்போது இந்தியா தயங்காமல், வெளிப்படையாக, எங்கள் நாட்டிலேயே இதைச் செய்கிறோம் என்று எழுந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்கிறோம். திரும்பி வந்து பிரிவு 27-ஐ எடுக்கச் சொல்லி உங்கள் அமைச்சகத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும். மாற்றுச் சிகிச்சை மாத்திரை இந்த எல்லையோரத் தாலுகா ஆஸ்பத்திரிகளில் தினமும் கிடைக்க வேண்டும். தினமும் ஆள் முன்னாலேயே போட்டுக்கொள்கிற மாத்திரை அது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் எவன் வாங்குவான்? ஐந்தரைக்கு ஜீப் ஏறுகிறவனுக்கு ஐந்து மணிக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நாலாக்சோன் 108 வண்டி எல்லாவற்றிலும், முடிந்தால் என் கடையிலும். உயிர் போகிற நண்பனுக்காக போன் செய்தவன் மேல் வழக்கு கிடையாது என்று ஒரு வரி, எழுத்தில்.

கடைசியாக என்னைப் பற்றி. 2017-ஆம் வருடத்து எச்ஐவி சட்டத்தின் 22-ஆம் பிரிவை ஒரு வக்கீல் நண்பர் எடுத்துக் காட்டினார். நோய்த்தொற்றைத் தடுக்கச் செய்கிற காரியம் குற்றமாகாது என்கிறது அது, பதிவு பெற்ற திட்டம் ஒன்றில் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பதை உதாரணமாகவே சொல்கிறது. எனக்குப் பதிவு ஒன்றும் இல்லை, நான் வெறும் கடைக்காரன். இருந்தாலும் ஆறு மாதமாக, கேட்கிறவர்களுக்குச் சிரிஞ்ச் கொடுக்கிறேன். சீட்டு கேட்பதில்லை. பழையதைப் போடக் கல்லாவுக்குக் கீழே தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். அன்று நான் ‘இல்லை’ என்று அனுப்பிய பையன் இப்போது எச்ஐவிக்கான கூட்டு மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறான், ஊசி இன்னும் முழுதாக விடவில்லை, ஆனால் தனக்கென்று தனி ஊசி, யாருக்கும் கொடுப்பதில்லை. போன வாரம் வந்தவன் கூட ஒருவனைக் கூட்டி வந்திருந்தான், பதினெட்டு வயதுகூட இருக்காது, வெளியே பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான், உள்ளே வரவில்லை. “அவனுக்கும் சேத்துக் குடுங்கண்ணே, கேக்கப் பயப்படுறான்” என்றான். கொடுத்தேன். இதைக் குற்றம் என்று யாராவது வந்து சொன்னால் காட்டுவதற்கு உங்களிடமிருந்து எழுத்தில் ஒரு தாள் வேண்டும்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரன்